பூசி மெழுகக் கூடாது

(பெங்களூரில் உள்ள ஒரு தொடர்கல்வி மையத்தில், மாலை வகுப்பு முடிந்த பிறகு, டிங்கரிங் மேஸ்திரி ஒருவர் பேசியது.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. இது சுத்தியல் பிடித்த கை. மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறது. "உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள், அது போதும்" என்று உங்கள் ஆசிரியை சொன்னார். தொழிலைப் பற்றி என்றால் பேசலாம். அதனால்தான் வந்தேன்.

நான் ஒரு டிங்கர். அடிபட்ட காரைத் தட்டி நேராக்குகிறவன். சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் ஒர்க்ஷாப் இருக்கிறது. அங்கே தமிழ், கன்னடம், உருது எல்லாம் கலந்துதான் பேசுவோம். தொழில் கற்றுக் கொடுத்தவரை உஸ்தாத் என்று கூப்பிடுவோம்.

மோதி நசுங்கிய காரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பத்து, பதினைந்து நாள் கழித்து அதே கார் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்து நிற்கும். நடுவில் என்ன நடந்தது? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

"எங்களுக்குக் காரே இல்லையே, இது எதற்கு?" என்று ஒரு அக்கா கேட்கிறார். நல்ல கேள்வி. அக்கா, உங்களுக்குக் கார் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக் காரில் ஏறுகிறீர்கள். அந்தக் கார் முன்பு ஒரு முறை மோதியதாக இருக்கலாம். அதைச் சரியாகப் பழுது பார்த்தார்களா, பூசி மெழுகினார்களா? உங்கள் உயிர் அதில் இருக்கிறது.

காரின் உடம்பு

முதலில் காரின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

லாரிக்கு அடியில் இரண்டு பெரிய இரும்புச் சட்டங்கள் நீளமாகப் போகும். அதுதான் சேஸிஸ். அதன் மேல் கேபினும் தொட்டியும் உட்கார்ந்திருக்கும். இன்றைய கார்களில் பெரும்பாலும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரை, கூரை, தூண், பக்கத் தகடு எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. முட்டை ஓடு போல என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓடுதான் பலம். ஓரிடத்தில் அடி விழுந்தால் வேறோர் இடத்தில் கீறல் விடும்.

இந்தக் கூட்டை யார் ஒட்ட வைத்தது? ஆணி அடித்து அல்ல. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான இடங்களில் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து சேர்த்திருப்பார்கள்.

காரின் முன்பக்கத்தில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தகட்டால் செய்த நீளமான இரண்டு பெட்டிக் கால்கள் இருக்கும். தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், நாங்கள் பழக்கத்தில் அதையும் சேஸிஸ் என்றுதான் சொல்வோம். மோதும்போது இந்தக் கால்கள் மடிய வேண்டும். வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏன்? முன்பக்கம் மடிந்தால்தான் மோதிய வேகம் அங்கேயே செலவாகும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மேல் குறைவாகப் பாயும். ஆனால் ஆள் உட்காரும் அறை மடியக் கூடாது. அது பெட்டி மாதிரி நிற்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அம்பாசிடர் கார்தான் அதிகம். தகடு நல்ல கனம். இப்போது வருகிற கார்களில் வெளித் தகடு முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். "மெல்லிய தகடு, மட்டமான கார்" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. வெளித் தகடு காருக்குச் சட்டை மாதிரி. எலும்பு உள்ளே இருக்கிறது. இப்போது அந்த எலும்பை மிகவும் உறுதியான இரும்பில் செய்கிறார்கள்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். மனிதருக்குச் சரி. காருக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. முகம் பளபளக்கும். அகம் மடிந்து கிடக்கும்.

வண்டி வந்ததும்

போன மாதம் ஒரு டாக்சி ஓட்டும் தம்பி வந்தார். ஓசூர் சாலையில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றதாம். இவர் போய் அதன் பின்பக்கம் மோதிவிட்டார். நல்ல வேளை, சீட் பெல்ட் போட்டிருந்தார். அடி இல்லை. காரின் முன்பக்கம் நசுங்கிவிட்டது.

"மேஸ்திரி, மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். வண்டி ஓடினால்தான் சோறு. மூன்று நாளில் கொடுங்கள். குறைந்த செலவில் முடியுங்கள்" என்றார்.

அவர் கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னேன். "தம்பி, முதலில் பார்க்கலாம். பார்க்காமல் விலை சொல்கிறவனை நம்பாதீர்கள்."

முதல் வேலை கழுவுவது. சேறும் தூசியும் இருந்தால் விரிசல் தெரியாது. கழுவியதும் சுற்றி வந்து பார்ப்போம். எங்கே பார்க்க வேண்டும் தெரியுமா? அடி பட்ட இடத்தில் மட்டும் அல்ல. அடி படாத இடத்திலும் பார்க்க வேண்டும்.

கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவில் இருக்கிறதா? கதவைத் திறந்தால் இடிக்கிறதா? கூரையில் சுருக்கம் இருக்கிறதா? முன் கண்ணாடி ஓரத்தில் கீறல் உண்டா? தகடும் தகடும் சேரும் இடத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா? இவை எல்லாம் உள்காயத்தின் அடையாளம். மருத்துவர் நாடி பார்ப்பது போல நாங்கள் இடைவெளி பார்க்கிறோம்.

அந்தத் தம்பியின் காரில் முன் கதவைத் திறந்து பார்த்தேன். இடது கதவு சரி. வலது கதவின் மேல் மூலை கொஞ்சம் உரசியது. மோதியது முன்னால். உரசுவது கதவு. அப்படியென்றால் உள்ளே கூடு அசைந்திருக்கிறது. அதைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

காகிதம் பேசும்

அடுத்தது எஸ்டிமேட். என்ன சாமான் மாற்ற வேண்டும், எதைத் தட்டி எடுக்கலாம், கூலி எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். வாயால் சொல்வது கணக்கு அல்ல.

காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் அந்தக் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் சர்வேயரை அனுப்புவார்கள். அவர் வந்து பார்க்கும் முன் எதையும் பிரிக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் இரண்டு வகை. ஒன்று, நம் வண்டி மோதி மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது. இது எல்லா வண்டிக்கும் கட்டாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் அது மட்டும் இருந்தால் நம் காரைப் பழுது பார்க்கப் பணம் வராது. அதற்கு, சொந்த சேதத்தையும் சேர்த்த முழு இன்சூரன்ஸ் வேண்டும். நிறைய பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மோதிய பிறகுதான் தெரிகிறது.

முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் முழுப் பணமும் வராது. புதுச் சாமான் போட்டால் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதி கழிவு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புச் சாமானுக்குக் காரின் வயதைப் பொறுத்து கழிவு. மூன்று வயது முடிந்து நான்கு முடியாத கார் என்றால் 25 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? பிளாஸ்டிக் பம்பர் 4,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பாதி, அதாவது 2,000 ரூபாய் வரும். பானட் 6,000 ரூபாய். கார் மூன்றரை வயது. 1,500 கழித்து 4,500 ரூபாய் வரும். மீதி நம் கையிலிருந்து. இதற்கு மேலும் ஒரு சிறு தொகையைப் பிடிப்பார்கள். தேய்மானம் கழிக்காத பாலிசியும் உண்டு. அதற்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். நம் பாலிசியில் எது இருக்கிறது? பாலிசியைப் படித்தால்தான் தெரியும்.

காரைப் பிரித்த பிறகு உள்ளே புதிய சேதம் தெரியும். அதையும் சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டுத்தான் பல இடங்களில் மூடி மறைக்கிறார்கள். "எழுதியது இவ்வளவுதான், இதற்குள் முடி" என்கிறார்கள். பூசி மெழுகுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரித்தல்

வேலை தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஏன்? காற்றுப் பை திடீரென்று வெடிக்காமல் இருக்க. பேட்டரியைக் கழற்றினாலும் அதற்குள் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும்.

காற்றுப் பை என்றால் என்ன? ஸ்டீயரிங்குக்குள் மடித்து வைத்த பை. பெரிய மோதல் வந்தால் கண் இமைக்கும் முன் ஊதி, ஓட்டுகிறவரின் தலையையும் மார்பையும் தாங்கும். 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுகிறவருக்கு இது கட்டாயம். ஒரு முறை விரிந்த பையை மடித்து வைக்க முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும். மோதலின்போது இழுத்துப் பிடித்த சீட் பெல்ட்டையும் மாற்ற வேண்டும்.

பிறகு பம்பர், விளக்கு, பானட், மட்கார்டு, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, சீட்டு எழுதி ஒட்டுவோம். முன்பு என்னால் அது முடியாது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பேன்.

இழுத்து நேராக்குதல்

இங்கே தச்சு வேலை செய்கிறவர்கள் யார்? கையைத் தூக்குங்கள். அண்ணே, நீங்கள் கதவு நிலை செய்யும்போது அது கோணாமல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

"மூலைக்கு மூலை அளப்பேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தால் சரி" என்கிறார்.

அதேதான்! நாங்களும் மூலைக்கு மூலை அளக்கிறோம். எஞ்சின் அறையில் வலது முன் மூலையிலிருந்து இடது பின் மூலை வரை ஓர் அளவு. இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலை வரை ஓர் அளவு. இரண்டும் ஒத்துப் போக வேண்டும். காரின் அடியிலும் இப்படி அளக்கும் துளைகள் இருக்கின்றன. எந்தத் துளைக்கும் எந்தத் துளைக்கும் எவ்வளவு தூரம் என்று கம்பெனி புத்தகத்தில் படம் போட்டிருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடக் கூடாது என்பது எங்கள் கணக்கு.

அந்த டாக்சியை அளந்தோம். ஒரு பக்கம் 14 மில்லிமீட்டர் குறைந்தது. வலது சேஸிஸ் கால் பின்னால் போயிருந்தது.

இதைச் சுத்தியலால் அடித்து நேராக்க முடியாது. காரை இரும்பு மேடையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மடிந்த இடத்தில் கவ்வி போட்டுச் சங்கிலி மாட்ட வேண்டும். ஆயில் ஜாக்கியால் மெல்ல இழுக்க வேண்டும். பத்து டன் வரை இழுக்கும் ஜாக்கி உண்டு. சங்கிலி அறுந்தால் குண்டு மாதிரி பாயும். அதனால் சங்கிலிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. சங்கிலி மேல் கனமான போர்வை போட வேண்டும்.

எந்தத் திசையில் இழுப்பது? அடி எந்தத் திசையில் வந்ததோ, அதற்கு நேர் எதிர்த் திசையில். கடைசியில் மடிந்தது முதலில் விரிய வேண்டும். கொஞ்சம் இழு, நிறுத்து, அள. மறுபடி இழு, நிறுத்து, அள. அவசரம் கூடாது. இரும்பு கொஞ்சம் திரும்பிப் போகப் பார்க்கும். அதையும் கணக்கில் வைத்து இழுக்க வேண்டும்.

பழைய காலத்தில் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சித் தட்டுவோம். இன்றைய உறுதியான இரும்பைக் காய்ச்சினால் அதன் பலம் போய்விடும். பார்க்க நேராக இருக்கும். அடுத்த அடியைத் தாங்காது. கதவுக்கு நடுவில் நிற்கும் தூண் போன்ற சில பாகங்களை நேராக்கவே கூடாது. வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும்.

நான் செய்த தவறு

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனால் இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததற்குப் பலன் இல்லை.

1998ஆம் ஆண்டு. அப்போது நான் கைநாட்டு. பன்னிரண்டு வயதில் ஒர்க்ஷாப்புக்கு வந்தவன். இன்று 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைத்தால் குற்றம். அன்று யாரும் கேட்கவில்லை. சுத்தியல் அடிக்கத் தெரியும். டேப்பில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரியாது. கண்ணால் பார்த்து "சரி" என்று சொல்வேன். என் கண் மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

ஒரு சின்ன கார் வந்தது. முன்பக்கம் அடி. உஸ்தாத் ஊரில் இல்லை. வண்டிக்காரருக்கு அவசரம். சேஸிஸ் கால் மடிந்திருந்தது. கேஸ் வைத்துக் காய்ச்சி, அடித்து, ஓரளவு நேராக்கினேன். மீதிப் பள்ளத்தில் பட்டி பூசினேன். மேலே கறுப்பு பெயிண்ட் அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

பத்து நாளில் அவர் திரும்பி வந்தார். "வண்டி இடது பக்கமாக இழுக்கிறது. டயர் ஒரு பக்கம் தேய்கிறது" என்றார். டயரை மாற்றிப் போட்டு அனுப்பினேன். உண்மையான காரணம் எனக்கே தெரியவில்லை. தெரிந்து கொள்ளவும் முயலவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கார் மறுபடி மோதியது. பெரிய மோதல் இல்லை. ஆனால் நான் காய்ச்சிய அதே இடம் காகிதம் போல மடிந்தது. ஓட்டியவரின் கால் உள்ளே மாட்டிக் கொண்டது. எலும்பு முறிந்துவிட்டது.

உஸ்தாத் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கொண்டு போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "பட்டியைப் பூசி இரும்பை மறைக்கலாம். மனிதனின் காலை எதைப் பூசி மறைப்பாய்?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே இரவு வகுப்பில் சேர்ந்தேன். முதலில் படித்தது அ, ஆ அல்ல. எனக்கு அவசரம் எண்கள். ஒன்று முதல் நூறு வரை படித்தேன். டேப்பைப் படித்தேன். பிறகுதான் எழுத்து வந்தது. ஒரு வருடத்தில் டப்பாவின் மேல் உள்ளதை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

தட்டுதலும் பட்டியும்

எலும்பு நேரானால்தான் சட்டைக்கு வர வேண்டும். அதாவது வெளித் தகடு.

தகட்டுக்குப் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்துக் கொண்டு, முன்னால் சுத்தியலால் தட்டுவோம். ஓங்கி அடிப்பது அல்ல, தட்டுவது. சப்பாத்தி மாவு தட்டத் தட்ட அகலும் அல்லவா? தகடும் அப்படித்தான் நீண்டுவிடும். நீண்ட தகடு வயிறு மாதிரி உப்பும். அந்த இடத்தில் சிறு புள்ளியாகச் சூடு வைத்து, ஈரத் துணியால் ஒற்றிச் சுருக்குவோம். இது சாதாரண மெல்லிய தகட்டுக்கு மட்டும்.

கை போகாத இடத்தில், வெளியே சிறு கம்பியை வெல்டிங்கில் ஒட்டி, பிடித்து இழுத்துப் பள்ளத்தை எடுப்போம். பிறகு கம்பியை நீக்கித் தேய்த்துவிடுவோம். முன்பு துளை போட்டு இழுப்போம். அந்தத் துளையில் துரு பிடித்துவிடும்.

எவ்வளவு தட்டினாலும் சிறு மேடு பள்ளம் இருக்கும். அதற்குத்தான் பட்டி. பட்டி கெட்டது அல்ல. முகத்துக்குப் பவுடர் போல மெல்லிதாக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் போதும். தடிமனாகப் பூசினால் குலுக்கலில் வெடிக்கும். உள்ளே ஈரம் போய்த் துருப் பிடிக்கும்.

பட்டியில் ஹார்டனர் கலந்தால்தான் காயும். 100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம். சரியான அளவு டப்பாவில் போட்டிருக்கும். குறைந்தால் காயாது. கூடினால் பெயிண்ட் மேல் கறை எழும்பும்.

காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தாளின் பின்னால் ஓர் எண் இருக்கும். 80, 180, 320, 800 என்று. எண் கூடினால் தாள் முரடாகும் என்று நினைப்பீர்கள். இல்லை. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். முதலில் 80. பிறகு படிப்படியாக ஏற வேண்டும். தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் குழியாகும். கடைசியில் கண்ணை மூடிக் கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும்.

பெயிண்டும் மூச்சும்

முதலில் பிரைமர். இது துருவைத் தடுக்கும், பெயிண்டைப் பிடித்துக் கொள்ளும். அடுத்து நிறம். அதன் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். பளபளப்பு அதில்தான்.

வெள்ளை என்றால் ஒரே வெள்ளை அல்ல. ஒவ்வொரு காருக்கும் நிற எண் உண்டு. காரில் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். அப்படியும் பழைய காரின் நிறம் வெயிலில் மங்கியிருக்கும். அதனால் புது நிறத்தைப் பக்கத்துத் தகட்டிலும் மெல்ல மெல்லக் கரைய விடுவோம். அப்போதுதான் ஒட்டுப் போட்டது தெரியாது.

பெரிய ஒர்க்ஷாப்பில் பெயிண்ட் அடிக்கத் தனி அறை இருக்கும். தூசி வராது. அடித்த பிறகு சுமார் 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துக் காய வைப்பார்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் கவனமாகக் கேளுங்கள். முக்கியமாக, பிள்ளைகளைப் பெயிண்ட் வேலைக்கு அனுப்பியவர்கள்.

இப்போது வரும் பெரும்பாலான பெயிண்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அது புகையாகி மூச்சில் போகும். ஆஸ்துமா வரும். ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். அவர்கள் அந்த வேலையையே விட வேண்டி வரும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கைக்குட்டையும் சாதாரண மாஸ்க்கும் தூசியைக் கொஞ்சம் தடுக்கும். இந்தப் புகையைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் சரி.

எங்களோடு ஒரு பெயிண்டர் அண்ணன் இருந்தார். பெங்களூரிலேயே அவரைப் போல நிறம் கலக்க ஆள் இல்லை என்போம். இன்று மாடிப்படி ஏற முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அந்த டப்பாவின் மேல் எச்சரிக்கை எழுதித்தான் இருந்தது. அவர் இருபது வருடம் அதைக் கையில் பிடித்தார். படிக்கவில்லை. படித்துச் சொல்லவும் யாரும் இல்லை.

இன்று எங்கள் கடையில் புது டப்பா வந்தால், திறக்கும் முன் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். இது சட்டம் அல்ல. நாங்களே வைத்துக் கொண்ட வழக்கம்.

கடைசிச் சோதனை

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு சோதிக்க வேண்டும். கதவின் மேல் தண்ணீர் அடித்து உள்ளே வருகிறதா என்று பார்ப்போம். விளக்கின் ஒளி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசாமல் சாலையில் விழுகிறதா என்று பார்ப்போம். வீல் அலைன்மென்ட் பார்ப்போம். பிறகு ஓட்டிப் பார்ப்போம். நேரான சாலையில் வண்டி தானாக ஒரு பக்கம் போகக் கூடாது.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்களுக்கு மூன்று சோதனை சொல்கிறேன்.

ஒன்று. சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி இரும்புத் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். எங்கும் பிடித்து, ஓரிடத்தில் மட்டும் நழுவினால், அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது.

இரண்டு. கதவு, பானட், டிக்கி இடைவெளிகளை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று. சாவியைத் திருப்பியதும் காற்றுப் பை விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் கோளாறு. உள்ளே பையே இல்லாமல் மூடி மட்டும் போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

அந்த டாக்சித் தம்பியின் கதை என்ன ஆயிற்று? மூன்று நாளில் கேட்டார். பதினொரு நாள் ஆனது. சர்வேயரை இரண்டாம் முறை வரவழைத்து மடிந்த காலைக் காட்டினோம். அதற்கும் பணம் சேர்த்தார்கள். தம்பிக்குச் சில நாள் வருமானம் போனது உண்மைதான். வண்டி எடுக்கும் நாளில் அவரிடம் டேப்பைக் கொடுத்தேன். "தம்பி, நீங்களே அளந்து பாருங்கள்" என்றேன். மூலைக்கு மூலை அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே எண். படித்துப் பார்த்துச் சிரித்தார்.

நண்பர்களே, என் கண் பொய் சொன்னது. டேப் பொய் சொல்லவில்லை. நீங்கள் இந்த வகுப்பில் கற்கிற எண்ணும் எழுத்தும் அந்த டேப்பைப் போன்றவை. பில்லைப் படியுங்கள். பாலிசியைப் படியுங்கள். டப்பாவைப் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

எந்தத் தொழிலாக இருந்தாலும் உள்ளே உள்ளதைச் சரி செய்வோம். பூசி மெழுக வேண்டாம்.

பேசிப் பார்ப்போம்

1. மோதிய காரில், அடி படாத இடத்தையும் ஏன் பார்க்க வேண்டும்?

2. மேஸ்திரி முதலில் எண்களைக் கற்றது ஏன்? உங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது எது?

3. பிளாஸ்டிக் பம்பர் விலை 5,000 ரூபாய். பாதி கழித்தால் இன்சூரன்ஸில் எவ்வளவு வரும்?

4. உங்கள் தொழிலில் பயன்படும் ஒரு டப்பா, மூட்டை அல்லது பாட்டிலைக் கொண்டு வாருங்கள். அதில் உள்ள எச்சரிக்கையை வகுப்பில் உரக்கப் படியுங்கள்.

5. உங்கள் தொழிலில் "பூசி மெழுகுவது" என்று எதைச் சொல்வீர்கள்? அதனால் யாருக்குக் கேடு வரும்?